கைராசி மாத்திரை

மருத்துவம் படிப்பது கூடப் பரவாயில்லை. படித்ததை மாற்றிக்கொண்டேன் என்று ஓசூரில் ஒரு நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து புது ஆய்வுகளைப் படிப்பேன். திங்கட்கிழமை அதில் ஒன்றைச் சொன்னால், "ஜெபசீலி டாக்டருக்கே கொழப்பம்" என்று வெளியே பேச்சு.

பொன்னுசாமி கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அறுபத்தைந்து வயது, சர்க்கரை நோய், சிறுநீரகமும் தளர்ந்திருந்தது. நான் வழக்கமாக எழுதிவந்த மாத்திரை இந்த மாதிரி ஆட்களுக்குச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும் என்று ஆய்வுகள் சொல்லின. அதை நிறுத்திவிட்டு வேறு எழுதினேன். படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள்!

நேற்று மதியம் கிளினிக் வாசலில் கம்பெனி பஸ் கோணலாக வந்து நின்றது. ஷிப்டுக்குப் போகிற பெண்கள் மூன்று பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"பஸ்ஸு இந்தாண்ட அந்தாண்ட இழுத்துச்சு டாக்டர். நிறுத்துண்ணான்னு கத்துனோம். நல்லவேளை, ஓரங்கட்டிட்டாரு," என்றாள் ரஞ்சிதா என்ற பெண்.

சர்க்கரை நாற்பத்திரண்டு. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினேன். கண் திறந்தார். அதற்குள் அவர் மனைவி காளியம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"காலையில என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"ரெண்டும்தான்."

"பழசை நிறுத்தச் சொன்னேனே!"

"அது உங்க கைராசி மாத்திரைங்க டாக்டரம்மா. அதுலதான் இவரு எழுந்து நடமாடுனாரு. புதுசு எப்பிடியோன்னு பழசையும் சேத்துக் குடுத்தேன். மெடிக்கல்ல கேட்டா குடுக்கறாங்க."

இந்தப் பெண்மணிக்கு என் மேல் இருந்த நம்பிக்கை ஒரு பஸ்ஸையே கவிழ்த்திருக்கும்!

"கைராசியாவது மண்ணாவது! பஸ் நிறைய பொண்ணுங்கம்மா!"

காளியம்மாள் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அன்னைக்கு இது நல்லதுன்னீங்க. நாளைக்குப் புதுசையும் வேணாம்னு சொல்லுவீங்களா?"

'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும். "சொல்லுவேன்," என்றேன் எரிச்சலோடு. "தப்புன்னு தெரிஞ்சா சொல்லித்தான் ஆகணும்."

பொன்னுசாமி எழுந்து உட்கார்ந்தார். "ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று மேசை மேலிருந்த பஸ் சாவிக்குக் கை நீட்டினார். விரல்கள் ஆடின. காளியம்மாள் அந்த விரல்களைப் பார்த்தார், வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வேற டிரைவர் வருவான். நீ கம்முன்னு படு," என்றார் புருஷனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எல்லாத்தையும் இவருகிட்டயே சொன்னீங்களே. ஊட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கறது நானு. என்கிட்ட யாரு சொன்னா?"

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, மாத்திரைச் சீட்டை முதலிலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.