போகாது என்றவள்

தோற்றுப்போனால் எப்படி எழுந்து வீட்டுக்குப் போவது என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியவில்லை.

ஜெயித்தால் தெரியும். கேலரியின் மரப்பலகைகளைக் காலால் மிதித்து மிதித்து அரங்கத்தையே அதிர வைப்பார்கள். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி ஆடிய இத்தனை வருடத்தில் அவர்களுக்குப் பழக்கமானது அந்த ஒரு சத்தம்தான். சொந்த அரங்கில் கடைசியாக எப்போது தோற்றது என்று கேட்டால் பழைய ஆட்கள்கூடக் கூரையைப் பார்த்து யோசிப்பார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. ஜெயித்த வெளியூர்ப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்துவிட்டு, எதிரே இருந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் மாதிரி அடங்கி உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்கோர் போர்டில் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டே இருந்தன. அணைக்க வேண்டியவர் அணைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேலரியின் மூன்றாவது வரிசையில் தையலக்கா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே தையல்கடை வைத்திருப்பவள் அவள். அணியின் ஜெர்சிகளுக்கு எண் தைப்பதும் கிழிசலை அடைப்பதும் அவள்தான். எல்லாருக்கும் அவள் தையலக்கா. அவளுக்கு அணியில் எல்லாரும் "நம்ம பொண்ணுங்க."

நடந்தது இவ்வளவுதான். ஆட்டம் முடியும் நொடியில் நம்ம பொண்ணுங்க இரண்டு புள்ளி பின்னால். குருவிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அணியிலேயே குள்ளமான பெண் அவள். துள்ளித் துள்ளி ஓடுவதால் அந்தப் பெயர். முதல் பந்து உள்ளே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தால் சமம். நம் பெண் எறியும்போது நம் ஆட்கள் மூச்சுகூட விடமாட்டார்கள். அத்தனை பேரும் மூச்சை அடக்கிய அந்த அமைதியில் தையலக்காவின் வாயிலிருந்து, அவளைக் கேட்காமலே, ஒரு சொல் விழுந்தது.

"போகாது."

கிணற்றில் கல் விழுந்த மாதிரி அது அரங்கம் முழுக்கக் கேட்டது. பந்து வளையத்தில் பட்டது, சுற்றியது, வெளியே விழுந்தது.

முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் மெல்லத் திரும்பினார். அவர் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மனிதர். அன்றும் யாராவது எதையாவது சொல்லித்தான் அந்த மௌனத்தை உடைக்கவேண்டியிருந்தது.

"ஏக்கா, உங்களுக்குக் கரிநாக்கா? எங்க, நாக்க நீட்டுங்க பாப்போம்!"

சுற்றியிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்க ஒரு சாக்கு கிடைத்த நிம்மதியில் எழுந்து படியிறங்கினார்கள். அவர் அதைச் சொன்னதை வாசலைத் தாண்டும்முன் மறந்திருப்பார். தையலக்கா மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தாள். கறுப்பாக எதுவும் இல்லை. ஆனால் நாக்கை உள்ளே இழுத்த கணத்தில் வேறொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தங்கை முதன்முதலாக உண்டாகியிருந்தபோது, மிச்சத் துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்தாள். அளவு தெரியாமல் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குள்ள யாருடி வரப் போறா!" என்று சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அந்த வாரமே குழந்தை தங்கவில்லை.

இதுவரை அவள் அந்தச் சிரிப்பையும் அந்த இழப்பையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தாள். பார்த்த பிறகு பிரிக்க முடியவில்லை.

தங்கை இப்போது மறுபடி பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ரத்த அழுத்தம் குறையவில்லை. நாள் வரும்வரை காத்திருக்க முடியாது, செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையலக்கா கைகூப்பினாள். "கடவுளே, அவளைப் பத்தி நான் எதுவும் சொல்லாம பாத்துக்கோ," என்று வேண்டினாள். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஊர் ஒரு மாதிரி இருந்தது. பேக்கரி வாசலில் கூட்டம் இருந்தது, ஆனால் குரல் இல்லை. அணியின் படம் போட்ட பதாகையைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் யாரோ ஒரு முனையை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது காற்றில் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. பூட்டிய அரங்கத்துக்குள்ளிருந்து பந்து தட்டும் சத்தம் கேட்பதுபோல இருந்தது. நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. நடந்தாள். மறுபடி கேட்டது.

வார்டில் தங்கையின் கணவன் எழுந்து இடம் விட்டான். "வாங்கக்கா. நான் கீழ போய் ஒரு வாய் காபி குடிச்சிட்டு வந்துடறேன்," என்று இறங்கினான்.

தையலக்கா சீப்பை எடுத்துத் தங்கையின் தலையை வாரத் தொடங்கினாள்.

"தோத்துட்டோமாமே, நர்ஸ் சொன்னாங்க," என்றாள் தங்கை. "குருவி அழுதாளா?"

தையலக்கா தெரியாது என்று தலையசைத்தாள்.

"அவங்க தோத்தா நீ ஏன்க்கா ஊமையாயிட்ட? பந்தை நீயா போட்ட?"

தையலக்கா ஒரு சிக்கலை விரலால் பிரித்தாள். மறுபடி வாரினாள்.

"ஏதாச்சும் சொல்லேன். நீ வந்தா வாய் ஓயாம பேசுவியேன்னுதான் காலையிலேர்ந்து காத்துட்டிருக்கேன். 'எல்லாம் நல்லபடியா நடக்கும்டி'ன்னு ஒரு வார்த்தை. அதுகூட வர மாட்டேங்குது."

சொல்ல வந்தது. நல்லது சொன்னாலும் இந்த நாக்கில் பட்டால் எப்படித் திரும்புமோ என்ற பயத்தில் அதை விழுங்கினாள்.

தங்கை அவள் கையைப் பிடித்து நிறுத்தி, முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "டாக்டர் உன்கிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க. என்கிட்ட மறைக்கிறீங்க."

தையலக்கா வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை. ஆனால் வாய் திறக்காமல் ஆட்டுகிற தலையை யார் நம்புவார்கள்? தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாதி வாரிய கூந்தல் தலையணையில் கிடந்தது.

திங்கட்கிழமை கடையைத் திறந்து இயந்திரத்தில் உட்கார்ந்தாள். மோட்டாரின் ஓட்டம் அவளுக்குப் பழைய சிநேகிதம். அன்று அது பேசியது. போகாது போகாது போகாது என்று ஒரு தலையணை உறை முழுக்கச் சொல்லிக்கொண்டே போனது. பெடலிலிருந்து காலை எடுத்தாள். நின்றது. வைத்தாள். போகாது போகாது. வாடிக்கைக்காரர்களுக்கு எல்லாம் இன்ச் டேப்பைக் காட்டியும் விரலை மடக்கியும் சமாளித்தாள்.

மத்தியானம் குருவி வந்தாள்.

தலையைக் குனிந்து, கையில் சுருட்டிய ஜெர்சியோடு வந்தாள். எதிரே மருந்துக்கடை வாசலில் நின்ற இரண்டு பேர் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்காரரின் அலமாரியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவரும் குனிந்து எதையோ தேடினார்.

"நம்பர் விட்டுப்போச்சுக்கா," என்று ஜெர்சியை நீட்டினாள்.

தையலக்கா வாங்கிப் பார்த்தாள். எண்ணின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. தானாக விட்டது அல்ல. பிளேடால் சீராகப் பிரித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். குருவி வேறு பக்கம் பார்த்தாள்.

நூல் கோத்தாள். தைத்தாள்.

"நீங்களும் பேச மாட்டீங்களாக்கா?"

தையலக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"ஹாஸ்டல்ல யாரும் ஒண்ணும் சொல்லலை. மெஸ்ல நான் உக்காந்தா எல்லாரும் தட்டையே பாக்கறாங்க. ரோட்ல வந்தா ஒதுங்கி வழி விடறாங்க. திட்டினாக்கூடப் பரவால்லை. நான் செத்துப்போய்ப் பேயா சுத்திட்டிருக்கேனோன்னு தோணுது."

கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் தையலக்காவுக்குத் தாங்கவில்லை. தங்கையின் பிள்ளையைக் காப்பாற்ற மூடிய வாய் இன்னொருத்தி பெற்ற பிள்ளையை இப்படி நிறுத்தி வைத்திருக்கிறதே என்று நினைத்தாள்.

"நான்தாம்மா சொன்னேன்," என்றாள். இரண்டு நாள் பேசாத குரல் கரகரத்தது. "போகாதுன்னு. நீ எறியறப்ப. என் வாய்தான்."

"தெரியும்க்கா."

"கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு." குருவி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எங்கம்மா அப்படித்தான்க்கா சொல்வாங்க. சின்ன வயசுல நான் எப்பப் பந்தைத் தூக்கினாலும் பின்னாடியிருந்து 'போகாது, போகாது'ம்பாங்க. போயிடுச்சுன்னா அவங்கதான் முதல்ல குதிப்பாங்க. ஆசைப்பட்டா கை நழுவிடும்னு பயம் அவங்களுக்கு. போன வருஷம் இறந்துட்டாங்க."

பக்கத்துக் கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு அவங்க முகம் ஞாபகம் இருக்கு. குரல் மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சாலும் வராது. சனிக்கிழமை எறியப்போற நேரத்துல பின்னாடி 'போகாது'ன்னு கேட்டுச்சு. அம்மா வந்துட்டாங்கன்னு நினைச்சேன். நிஜமா நினைச்சேன்க்கா. கை அப்படியே..." அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "அப்புறம் திரும்பிப் பாத்தேன். நீங்க வாயைப் பொத்திட்டு உக்காந்திருந்தீங்க."

"அப்ப நான்தான் உன்னைத் தோக்க வெச்சிருக்கேன்," என்றாள் தையலக்கா.

"தோத்தா என்னக்கா, அடுத்த வாரம் ஜெயிக்கலாம்." முதல் முறையாகக் குருவி சிரித்தாள். "அந்தக் குரல் மட்டும் திரும்ப வந்துடுச்சு. இந்த ரெண்டு நாளா தூங்கறப்பல்லாம் கேக்குது. இன்னொரு தடவை கேக்கலாம்னுதான் நம்பரைப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். கோவிச்சுக்காதீங்க."

தையலக்காவுக்குத் தன் வாயை ஒரு தாய் ஒரு கணம் இரவல் வாங்கிப் போயிருக்கிறாள் என்று தோன்றியது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அது நேற்றுவரை இருந்த பயம் இல்லை.

"போகாது," என்றாள், குருவியின் முகத்தைப் பார்த்து, மெதுவாக.

குருவி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அழுதாள்.

அவள் முகம் கழுவிக் கிளம்பும்போது தையலக்கா வாசலுக்கு வந்து சாலையைத் தாண்டிக் கூப்பிட்டாள். "மருந்துக்கடைக்காரரே! இந்தப் பொண்ணுகிட்ட ஏன் யாரும் பேசறதில்லை?"

அவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தார். "என்ன பேசறதுன்னு தெரியலக்கா. துக்க வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு."

"துக்க வீட்டுலகூட 'சாப்பிட்டியா'ன்னு கேப்போம்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். கல்லாவைப் பூட்டாமலே சாலையைக் கடந்து வந்தார். கிளம்பும்போது அலமாரியில் கைக்குக் கிடைத்த ஒரு தைலக் குப்பியையும் எடுத்து வந்திருந்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றார், பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி. குப்பியை நீட்டினார். "முட்டிக்குத் தடவிக்கோ. காசு வேணாம். அடுத்த மேட்ச் வரைக்கும்தான் இந்தச் சலுகை." பிறகு தையலக்காவைப் பார்த்து, "என்னக்கா, ரெண்டு நாளா மௌன விரதமா?" என்றார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு நினைவே இல்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ட்ரெச்சரை ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடைவழியில் சக்கரம் தரை ஓடுகளின் ஒவ்வொரு இணைப்பிலும் தட்டித் தட்டி அதே சொல்லைச் சொன்னது. தையலக்காவுக்குக் கேட்டது. கூடவே நடந்தாள்.

கதவருகே தங்கை அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். பச்சைத் தொப்பிக்குள் முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. "பயமா இருக்குக்கா. இந்தப் பயம் போகுமா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. கடவுளை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"போகாதுடி," என்றாள். "எனக்கும் போகல. நீ கண்ணு முழிக்கிற வரைக்கும் போகாது. டாக்டர் என்கிட்ட எதையும் மறைச்சுச் சொல்லல, சத்தியமா. எனக்குத்தான் என் வாய்மேல பயம். பயத்துல ஊமையா நின்னேன். ஆனா நானும் போகமாட்டேன். இந்தக் கதவுகிட்டயே இருப்பேன்."

தங்கை அவளையே பார்த்தாள். முகத்தில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. "அப்படிச் சொல்லு," என்றாள். "இங்கேயே இரு."

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. தங்கையின் கணவன் எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து சுவரோரம் போட்டான். தையலக்கா அதை இழுத்துக் கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்தார். "அம்மா, இங்க உக்காரக் கூடாது. ஆளுங்க வர்ற வழி. தள்ளிப் போங்க."

"போகமாட்டேன் சிஸ்டர்," என்றாள் தையலக்கா. "சொல்லியிருக்கேன்."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் உட்கார்ந்திருந்தபடியே நாற்காலியை ஒரு சாண் மட்டும் ஓரமாக நகர்த்தினார். கதவு திறந்தால் இடிக்காத அளவுக்கு.