லீட்ரிமில் ஒரு நேர்கோடு

ரங்கூனின் தாமுவே பகுதியில், மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு தஸ்லீமா அயர்லாந்தைப் பற்றி எழுதினாள். ஆங்கிலப் பயண இணையதளம் ஒன்றுக்காக, லீட்ரிம் என்ற மாவட்டம். அங்கே அவள் போனதில்லை. படங்களையும் வரைபடத்தையும் பார்த்துத்தான் எழுத்து. மாவட்டத்தை ஏறக்குறைய இரண்டாகப் பிளக்கும் ஏரி, தண்ணீர் இறங்காத களிமண், கோரை மண்டிய சின்ன வயல்கள், எதிரே வரும் காருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்லும் மனிதர்கள். எழுத எழுத அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்கரையிலிருந்து குன்றுவரை ஒரு நேர்கோடு தெரிந்தது. கரண்டு போவதற்குள் கட்டுரையை முடிக்க வேண்டும். 'எளிய நடைபாதை, ஒரு மணி நேரம், வயதானவர்களும் போகலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அக்டோபரில், நோரா என்ற பெண் எழுதிய கடிதத்தை இணையதள நிறுவனத்தார் அவளுக்கு அனுப்பினார்கள். நோராவின் அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. கட்டுரையை நம்பி நடந்தவர் சதுப்பில் இடுப்புவரை புதைந்து, ஐந்து மணி நேரம் மழையில் நின்றிருக்கிறார். ஆடு தேடி வந்த விவசாயி ஒருவர்தான் வெளியே இழுத்தார். அது பாதையே இல்லை, பழைய வடிகால். 'எழுதியவர் அங்கே நடந்து பார்த்தாரா?' என்று கேட்டிருந்தாள் நோரா.

நோராவுக்கு அனுப்ப நிறுவனத்தார் ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தார்கள்: மழையால் பாதை கெட்டிருக்கலாம்.

"அப்படியே விடு," என்றாள் அக்கா ஃபக்ருன்னிசா. "உன் பேருகூட அதுல இல்ல. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே ராத்தா."

"வேலை போயிரும்டி."

இரண்டு நாளாகத் தஸ்லீமா தொழுகையில் நின்றாலும் சேற்றில் நின்ற அந்த மனிதர்தான் கண்ணுக்குள் வந்தார். மூன்றாம் நாள் காலை நோராவுக்கே நேராக எழுதினாள்: 'நான் ரங்கூனில் இருக்கிறேன். உங்கள் ஊரைப் பார்த்ததே இல்லை. படத்தில் தெரிந்த கோட்டைப் பாதை என்று எழுதினேன். தவறு மழையுடையது அல்ல, என்னுடையது.' கட்டுரையை எடுத்துவிடும்படி நிறுவனத்துக்கும் எழுதினாள். எடுத்துவிட்டார்கள், அவளையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து நோராவின் பதில் வந்தது. தஸ்லீமா அதை ராத்தாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"அவுக வாப்பாவுக்கு இடது கால் இன்னும் மரத்துத்தான் இருக்காம். மன்னிச்சிட்டேன்னு நோராவால இப்ப எழுத முடியலயாம். உண்மையைச் சொன்னதுக்கு அவரு நன்றி சொல்லச் சொன்னாராம். ஊரைப் பத்தி மத்ததெல்லாம் அச்சு அசலா அப்படியே இருக்குன்னாராம்."

"பாரு, நல்லதாத்தானே சொல்லியிருக்காரு."

"மத்ததெல்லாம் சரியா இருக்கப் போய்த்தான் ராத்தா, அந்தப் பாதையையும் நம்பியிருக்காரு," என்றாள் தஸ்லீமா.