பாலத்துக் கம்பி

ஊரே அவளை மெம்பரம்மா என்று கூப்பிட்டாலும் அவள் தொழில் தையல். முன்னறையில் ஒரு மிஷின், சன்னலோரம் துணி வெட்டும் மேஜை, கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு டேப். ஊராட்சித் தேர்தலில் ஜெயித்த பிறகும் அந்த டேப்பை அவள் கழற்றவில்லை. கூட்டத்துக்கும் அப்படியே போய் உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன மெம்பரம்மா, தலைவருக்கு அளவெடுக்க வந்தீங்களா?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"அவர் அளவு எனக்கு எப்பவோ தெரியும்" என்பாள்.

தலைவருக்கு ஊர் வைத்த பெயர் 'அடுத்த கூட்டம்'. சாக்கடை அடைப்பா, குழாய் உடைப்பா, எதைக் கொண்டுபோனாலும் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்" என்பார். ஒரு தெருவிளக்குக்கு பல்பு வாங்கும் தீர்மானம் ஏழு கூட்டம் தாண்டியது. பல்பு வந்து சேர்ந்தபோது கம்பம் சாய்ந்திருந்தது.

அப்படிப்பட்ட மன்றத்தில்தான் அவள் லாரி விஷயத்தைக் கொண்டுவந்தாள். மலையடியில் இருந்த கல்குவாரி லாரிகளுக்கு ஊரைச் சுற்றிப் போக நல்ல சாலை இருந்தது. ஆனால் அரைமணி நேரம் மிச்சம் என்று எல்லா லாரியும் ஊருக்குள் புகுந்து, பள்ளிக்கூடத்தை உரசிக்கொண்டு, குறுகலான பழைய பாலத்தைக் கடந்து போயின. சுவர்களில் விரிசல் விழுந்தது. காய்கிற துணியெல்லாம் சாம்பல் நிறமானது. சகித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை தபால்காரரின் மகள் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனாள். உயிர் தப்பியது. வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

மறுநாளே மெம்பரம்மா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை தடவிக் கைநாட்டு வாங்கினாள். பாலத்தின் முகப்பில் இரண்டு இரும்புத் தூண், மேலே ஒரு குறுக்குக் கம்பி. காரும் ஆட்டோவும் நுழையலாம், உயரமான வண்டி நுழைய முடியாது. அவ்வளவுதான் கேட்டாள். மூன்று கூட்டத்தில் 'அடுத்த கூட்டம்' என்ற பதில்தான் கிடைத்தது. நான்காவதில், "இன்னிக்கு எழுதுற வரைக்கும் நானும் எழுந்திருக்க மாட்டேன், உங்களையும் விட மாட்டேன்" என்று கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தலைவர் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எழுதுய்யா" என்றார்.

கிளார்க் எழுதிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். அவசரத்துக்குத் திறக்கும்படி கம்பிக்குக் கீலும் பூட்டும் உண்டு. சாவி எத்தனை?

"ஒண்ணு போதும்" என்றாள் அவள். "ஆபீஸ்ல, உங்க கையில மட்டும் இருக்கட்டும். பாலத்துப் பக்கம் டீக்கடையில கொடுத்தா ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு டிரைவருங்க வாங்கிடுவானுங்க. எங்கேயும் வச்சுட்டுப் போகாதீங்க."

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் லீவாச்சேம்மா?"

"ஞாயித்துக்கிழமை யாருக்கு என்ன அவசரம் வந்துடப் போகுது? சாப்பிட்டுத் தூங்கட்டும் ஊரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கம்பியைச் செய்து நட்டது அவள் தங்கையின் வீட்டுக்காரர். இரண்டு தெரு தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததே அவள்தான். அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்கு அவள்தான் எல்லாம். மாப்பிள்ளையும் அவளை வாய் நிறைய அக்கா என்றே கூப்பிடுவார். கூலி வேண்டாம், இரும்பை மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லி, பத்து நாள் பட்டறையில் நீலப் பொறி பறக்கப் பறக்க வேலை செய்தார்.

"லாரி என்னக்கா, யானை வந்து முட்டினாலும் அசையாது" என்று தூணைத் தட்டிக் காட்டினார். அவர் மகள், ஆறு வயசு, தானும் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கை வலிக்கிறது என்று அழுதது.

லாரிகள் சுற்றிப் போகத் தொடங்கின. பிள்ளைகள் நடுரோட்டில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். எட்டு மாதம் ஊர் நிம்மதியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் சாப்பிட்டுக் கை கழுவும்போது போன் வந்தது. தங்கை.

"அக்கா, இவருக்கு நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதாம். வேர்த்து ஊத்துது. நீ வாயேன்."

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. வண்டி சீக்கிரமாகவே வந்தது, கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் வீட்டு வாசலுக்கு வரவில்லை. போன்தான் வந்தது.

"அம்மா, பாலத்துக்கிட்ட நிக்கிறேன். மேல கம்பி இருக்கு, வண்டி போகாது. சுத்தி வந்தா இன்னும் அரைமணி ஆகும். சாவி யார்கிட்ட?"

சாவி கிளார்க்கிடம். இன்றைக்கு ஆபீஸ் லீவு.

கிளார்க்குக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வெளியூரில் அக்கா மகள் கல்யாணத்தில், மேளச் சத்தத்துக்கு நடுவில் இருந்தார். நாலு பேர் ஓடிப்போய் ஆபீஸ் பூட்டை உடைத்து மேஜை இழுப்பறைகளைக் கொட்டிக் கவிழ்த்தார்கள். சாவி இல்லை. எங்கேயும் வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அந்த மனுஷன் அதை இடுப்பிலேயே முடிந்துகொண்டு போயிருந்தார். கடப்பாரையைக் கொண்டுபோய்ப் பூட்டில் கொடுத்து நெம்பினார்கள். கடப்பாரைதான் வளைந்தது.

"பட்டறையில கேஸ் கட்டர் இருக்கே, அத வச்சு அறுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார்.

வாசலில் நடந்த கூச்சல் அவர் காதிலும் விழுந்தது. அவளைப் பார்த்து மெதுவாக, "நெம்பினா வராதுக்கா. உள்பக்கமும் வெல்டு வச்சிருக்கேன்" என்றார். அதில் ஒரு துளி பெருமைகூட இருந்தது. அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

கடைசியில், காய்கறி ஏற்றும் ஆட்டோவில் மெத்தையைப் போட்டுக் கிடத்திப் பாலத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் இதோ சாவி வந்துவிடும், இதோ பூட்டு உடைந்துவிடும் என்று எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குள் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்கில் வைத்தபோது, வண்டி வந்து நின்று இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. ஆஸ்பத்திரி கண்ணில் படும் தூரத்தில் உயிர் போய்விட்டது.

டாக்டரிடம் கேட்டது தங்கை இல்லை, அவள்தான். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா?"

"சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருக்கலாம். பிழைக்காமயும் போயிருக்கலாம்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பாள். இதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தங்கை அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. கம்பி ஊரே சேர்ந்து கேட்டது, விதி இப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ராத்திரி பகல் அக்காவின் மடியிலேயே கிடந்தாள். "நீ இருக்கியே அக்கா, அதுபோதும் எனக்கு" என்று அழுதாள். அவள் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். ஒரே சாவி என்று சொன்னது யார் என்று தங்கைக்குத் தெரியாது. எத்தனையோ தடவை வாய்வரை வந்ததை விழுங்கினாள். மாப்பிள்ளையோடு இவளையும் இழந்துவிடுவோமோ என்ற பயம்.

வாழ்நாளில் முதன்முறையாகத் தலைவர் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பதினைந்தாம் நாளே தங்கை வீட்டுக்கு வந்தார், குவாரி முதலாளியின் காரில். கம்பியை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மனு. "உன் புருஷனுக்கு வந்தது இன்னொருத்தனுக்கு வரக் கூடாதும்மா" என்றார். தங்கை அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அவசரக் கூட்டம் ஒரு புதன்கிழமை கூடியது. மன்றத்து மின்விசிறி வழக்கம்போல் கிறீச்சிட்டது. பின்வரிசை பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகள். வாசலோரம் தபால்காரர் நின்றிருந்தார். அவர் ஒன்றும் பேச வரவில்லை, சும்மா நின்றார். எட்டு பேர் சொல்லி முடித்தபோது எடுக்க நாலு, வேண்டாம் என்று நாலு. மிச்சம் அவள் ஒருத்திதான்.

"மெம்பரம்மா கைய நாங்க கேக்கவே வேணாம்" என்றார் தலைவர். "அவங்க குடும்பத்துலயே விழுந்த அடி. எழுதிக்கய்யா, அஞ்சு."

"எழுதாதீங்க" என்றாள் அவள்.

எழுந்து நின்றாள். தலைவரைப் பார்க்கவில்லை, பின்பெஞ்சைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கம்பிக்கு ஒரே சாவி போதும்னு சொன்னது நான். ஞாயித்துக்கிழமை என்ன பண்றதுன்னு கிளார்க் கேட்டாரு. யாருக்கு என்ன அவசரம் வரப் போகுதுன்னு சொல்லிட்டு நான் சிரிச்சேன். இந்த இடத்துலதான், இதே நாற்காலியில உக்காந்து. இது உனக்குத் தெரியாது. தெரிஞ்சா நீ என்னை விட்டுடுவேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

தங்கையின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

"கம்பி தப்பில்லை. கம்பிய எடுத்தா நாளைக்குக் காலையில லாரி வரும், பிள்ளைங்க ரோட்டுல இருக்கும். கம்பி இருக்கட்டும். சாவி அஞ்சு செய்யுங்க. டீக்கடையில ஒண்ணு, நர்சம்மாகிட்ட ஒண்ணு, பள்ளிக்கூடத்துல ஒண்ணு, பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு வீட்டுல. சிகரெட்டுக்கு வித்தா விக்கட்டும், பூட்ட மாத்திக்கலாம்." எடுக்க வேண்டாம் என்ற பக்கத்துக்குக் கையைத் தூக்கினாள்.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. தங்கை மகளை இழுத்துக்கொண்டு தபால்காரரைத் தாண்டி வெளியே போனாள். அவள் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றாள். "எண்ணியாச்சும்மா" என்று கிளார்க் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்பாள். கதவு திறக்காது. சன்னல் வழியாகப் பிள்ளைதான் எட்டிப் பார்க்கும்.

"அம்மா தூங்குறாங்கன்னு சொல்லச் சொன்னாங்க பெரியம்மா."

"சரிடா கண்ணு. எழுந்தா வந்துட்டுப் போனேன்னு சொல்லு."

உள்ளே திரும்பி, "அம்மா, பெரியம்மா வந்துட்டுப் போனாங்களாம்" என்று அது உடனே கத்தும்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டறைச் சாமான்களை யாரோ வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கை புருஷனின் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போகிறாள் என்று காதில் விழுந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கையே அவள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

"பாப்பா பள்ளிக்கூடத் துணி தைக்கக் கொடுத்திருந்தேனே. முடிஞ்சுதா?"

"என்னிக்கோ முடிஞ்சுது." மடித்து வைத்திருந்த மூன்று செட்டையும் எடுத்துக் கொடுத்தாள். "கீழ ரெண்டு விரக்கடை உள்மடிப்பு விட்டிருக்கேன். வளர்ந்தா பிரிச்சுக்கலாம்."

தங்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பார்க்க என்ன இருக்கிறது, ஆனாலும் பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு தடவை என்னைத் திட்டிடேன். நாலு அறை வேணா அறை."

"உன்னைத் திட்ட என்னக்கா இருக்கு? நீ அன்னிக்குக் கை தூக்கினது சரிதான். தபால்காரர் பொண்ணு நடக்குறதைப் பாக்கும்போதெல்லாம் சரின்னுதான் தோணுது. அவரு இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரு." துணியைத் திரும்ப மடித்தாள். "ஆனா உன் முகத்தைப் பாத்தா எனக்கு நீ சிரிச்சது தெரியுது. நான் பாக்கவே இல்ல, இருந்தாலும் தெரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

தங்கை துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மூன்று வருஷமாகிறது. கம்பி நிற்கிறது. இதுவரை ஆம்புலன்ஸ் நாலு தடவை ஊருக்குள் வந்து போயிருக்கிறது, நாலு தடவையும் ஒரு நிமிஷத்தில் பூட்டு திறந்தது. ஒருமுறை பிரசவம். அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள். வாங்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மாதத்துக்கு ஒருமுறை தங்கை மகள் போன் செய்கிறது. பெரியம்மா நல்லாயிருக்கீங்களா, எனக்குப் பல்லு விழுந்துடுச்சு, கணக்கு வாத்தியார் மோசம் என்று அடுக்கும். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். போனை அம்மாவிடம் கொடு என்று அவள் கேட்பதில்லை. அப்புறம், அப்புறம் என்று பிள்ளையிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள், அந்தச் சத்தம் நிற்கும்வரை.