கோல்கியின் கடைசிப் பை

ஆர்.கே.புரம் அலுவலகத்தின் தபால் பிரிவிலிருந்து ஒருவரை குவாஹாத்திக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, பிரிவின் தலைவர் ரத்தினவேலுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் அகல்யா பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளி முடிக்கும்வரை டெல்லியை விட்டு அசையக்கூடாது. மனுஷனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று மாலை அவள் உயிரியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லுக்குள் கோல்கி என்று ஓர் உறுப்பு. அடுக்கி வைத்த தோசை மாதிரி தட்டையான பைகள். ஒரு பக்கம் புரதங்கள் வந்து சேரும். பை பையாகத் திருத்தம் பெறும். போகவேண்டிய இடத்துக்கு அடையாளம் பெற்று, பொட்டலமாக மறுபக்கம் வெளியேறும்.

"ஏட்டி, எங்க செக்‌ஷன்லா இது!" என்று துள்ளினார்.

"அச்சா, சரிப்பா, படிக்க விடுங்க."

விடவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, மறுநாள் இயக்குநர் கல்யாணராமன் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

"கோல்கி இல்லேன்னா செல்லுக்கு வாழ்வே இல்ல சார். அடையாளம் விட்டுப்போச்சுன்னா, உள்ள குப்பையைச் செரிக்க வேண்டிய நொதி வெளிய போயிரும். அதுல ஒரு பையக்கூட எடுக்கப்படாது சார்."

கல்யாணராமன் மேசைமேல் இருந்த மாற்றல் கோப்பை மூடியேவிட்டார். "பிரமாதம். உங்க பிரிவுல கை வைக்க முடியாது போலிருக்கே!"

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எந்தத் தபாலையும் அரைகுறையாக மேசை தாண்ட விடாதவராயிற்றே. தாளில் மிச்சமிருந்ததையும் வாசித்தார்.

"இன்னொரு பாரா இருக்கு சார். சரக்கு மட்டும் நகரல, பையே நகருதுன்னும் சொல்லுதாங்க. சரக்கு வந்து சேருத பக்கம் புதுப் பை உண்டாகும். பழசு முதிர முதிர முன்னால போவும். கடைசிப் பை பொட்டலம் பொட்டலமா உடைஞ்சு போயிரும். அடுக்கு மட்டும் அப்படியே நிக்கும்."

கல்யாணராமன் கோப்பை மறுபடி திறந்தார். "அப்போ, உங்க பிரிவுல ரொம்ப சீனியர் யாரு?"

"நான்தான் சார்." சொன்ன பிறகுதான் தாளை அவசரமாக மடித்துச் சட்டைப் பையில் திணித்தார்.

சாயங்காலம் குவாஹாத்திக்கு அனுப்ப வேண்டிய அவருடைய மாற்றல் உத்தரவு அவர் மேசைக்கே வந்தது. இத்தனை வருஷத்தில் செய்யாத காரியத்தை, அகல்யாவை நினைத்துக்கொண்டு செய்தார்: உறைமேல் அகமதாபாத் விலாசத்தை ஒட்டினார். போய்த் திரும்ப நாளாகுமே.

உதவியாளர் பத்ரி எட்டிப் பார்த்தான். "இத எதுக்கு சார் தபால்ல போடறேள்? டைரக்டர் அப்பவே ஈமெயில்ல அனுப்பிட்டார். குவாஹாத்தியிலேர்ந்து பதிலும் வந்தாச்சு, உங்களுக்கு நாற்காலி ரெடியாம்."