காடிலாக்: உரிமையாளரல்லாத ஒருத்தியின் அனுபவம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் இதழுக்கு ‘காடிலாக்: வரலாறும் உரிமையாளர் அனுபவமும்’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். என்னிடம் காடிலாக் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. இருந்தும் என்னைக் கேட்டார்கள், ஏனென்றால் காடிலாக் வைத்திருப்பவர்கள் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

(இந்த வரியில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் தெரிகிறது. இருக்கட்டும். கதை முழுக்க அதுதான்.)

முதலில் எழுதியது: “1902ஆம் ஆண்டு, டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைச் சூடிக்கொண்டு…”

கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: “தன்னை உலகத்துக்கே அளவுகோல் என்று அழைத்துக்கொண்ட இந்த வண்டி…”

விளம்பரம். இதையும் அடித்தேன்.

மூன்றாவதாகக் கை தானாக எழுதிய வரி இது: “இமோஜீன் ஸ்டோக்ஸுக்குத் தன் தங்கையின் காடிலாக் மேல் பொறாமையே கிடையாது.”

இது பச்சைப் பொய். ஆனாலும் ஓர் ஆளோடு வந்த பொய் என்பதால் இதை மட்டும் விட்டுவைக்கிறேன்.

2

இமோஜீனும் வெர்னெலும் அலபாமாவிலிருந்து வந்தவர்கள். அக்கா முதலில் வந்தாள். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்து, துணி ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டினாள். பனி கொட்டும் ஜனவரியிலும் சந்துக்குள் பின்பக்கமாகவே வேனை விட்டு, சுவரில் உரசாமல் நிறுத்துவாள். அவள் சம்பாத்தியத்தில்தான் தங்கை பஸ் ஏறி வந்து, சிகையலங்காரம் படித்து, லின்வுட் அவென்யூவில் மூன்று நாற்காலி போட்டு அழகு நிலையம் திறந்தாள். வேலை முடிந்ததும் வேனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இமோஜீன் பஸ்ஸில் வீட்டுக்கு வருவாள். சொந்தமாக ஒரு சக்கரம்கூட அவளிடம் இருந்ததில்லை.

1972 வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, வெளிர்மஞ்சள் நிறத்தில், இமோஜீன் வீட்டு வாசலோடு பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து அடைத்தபடி ஒரு காடிலாக் வந்து நின்றது. ஹாரன் அடித்தது வெர்னெல்.

நான் அப்போது இமோஜீன் வீட்டின் மாடியில் குடியிருந்தேன். தெருவில் அத்தனை பேரும் வெளியே வந்தார்கள். இமோஜீன்தான் கடைசி. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“நீளமா இருக்கு.”

“அவ்வளவுதானா?”

“மஞ்சளாவும் இருக்கு. சவ ஊர்வலத்துக்குக் கருப்புல வாங்கிருந்தா அப்பப்ப வாடகைக்காவது விட்டிருக்கலாம்.”

“ஏறி உக்காரு, ஒரு ரவுண்டு போலாம்.”

“அடுப்புல கீரை இருக்கு.”

“கீரை எங்கயும் ஓடிராது.”

ஏறினாள். பொத்தானை அழுத்தியதும் இருக்கை தானாக முன்னால் நகர்ந்தது. கதவைச் சாத்தினாள். அந்தச் சத்தத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. சலவை வேனின் கதவை மூடினால் தகர டின்னை உதைத்த மாதிரி இருக்கும். இது கனமான புத்தகத்தை மெதுவாக மூடிய மாதிரி இருந்தது. தெருவின் இரைச்சல் அப்படியே வெளியே நின்றுபோனது.

அந்தச் சத்தத்துக்காக இமோஜீன் தங்கையை மன்னிக்கவே இல்லை.

வெர்னெலுக்கு ஓட்ட வராது என்பது இன்னொரு கொடுமை. பிரேக்கை மிதித்தால் இருவரின் தொப்பியும் முன்னால் வந்து விழும். நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிக்கான இடத்தை எடுத்துக்கொள்வாள். ‘ஓட்டத் தெரிஞ்ச எனக்கு பஸ் பாஸ், ஓட்டத் தெரியாத அவளுக்குக் காடிலாக்’ என்று இமோஜீன் யாரிடமும் சொன்னதில்லை. பல வருடம் கழித்து, வாசற்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி என்னிடம் சொன்னாள்.*

* உள்மனதில் ஓடியதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவளே சொன்னதுதான். சொல்லாததை இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று காட்டிக்கொடுக்க மாட்டேன்.

3

சங்கத்துக்காரர்கள் வரலாறு கேட்டார்கள் அல்லவா? கொடுத்துவிடுகிறேன்.

ஹென்றி ஃபோர்டு தொடங்கிய ஒரு கம்பெனி அவர் விலகிப்போனதும் திணறியது. மூட வேண்டாம் என்று முதலாளிகளிடம் சொன்னவர் லீலாண்ட் என்ற இயந்திர வல்லுநர். அதிலிருந்து பிறந்ததுதான் காடிலாக். பின்னாளில் லீலாண்ட் அங்கிருந்து வெளியேறி இன்னொரு கார் கம்பெனியைத் தொடங்கினார். அதுதான் லிங்கன், காடிலாக்கின் பரம எதிரி. கடைசியில் அந்த லிங்கனை வாங்கியவர் யார்? அதே ஃபோர்டு. வாங்கிய சில மாதங்களிலேயே லீலாண்ட் வெளியே.

இரண்டு சொகுசு வண்டிகளுக்கும் தகப்பன் ஒருவரே. ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தால் என்ன நடக்குமோ அதுதான்…

[இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று தெரிந்துவிட்டது. சகோதரிகளோடு முடிச்சுப் போடப் பார்க்கிறது. அவ்வளவு கச்சிதமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நிறுத்திக்கொள்கிறேன்.]

4

அடுத்த இலையுதிர் காலம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும் வழி. தேவாலயத்துக்கு முந்தைய திருப்பத்தில், அங்கே சபை ஊழியம் பார்க்கும் டீக்கன் பர்விஸ் குடையை ஊன்றிக்கொண்டு சாலையைக் கடந்தார். நல்ல வெளிச்சம். அவரோ ஆறடி உயரம், நீலக் கோட்டு. வெர்னெல் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

இமோஜீன் குறுக்கே பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. டீக்கனின் குடை மட்டும் சாலை நடுவே கிடந்தது.

அவர் ஜன்னலருகே வந்து குனிந்தார். “சிஸ்டர் வெர்னெல், என்னைப் பரலோகத்துக்கு அனுப்பறதா இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா? நல்ல சட்டையா போட்டுட்டு வந்திருப்பேன்.”

வெர்னெல் சிரிக்கவில்லை. அவர் போனபிறகும் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

“அக்கா, எனக்கு அவரு தெரியல.”

“எப்படிடீ தெரியாம போகும்? விளக்குக் கம்பம் மாதிரி மனுஷன்.”

“பக்கத்துல இருந்து வர்றது தெரிய மாட்டேங்குது. நேரா இருக்கறது மட்டும்தான் தெரியுது. குழாய் வழியா பாக்கற மாதிரி. டாக்டர்கிட்ட போனேன். கண்ணுல அழுத்தமாம். போனது திரும்பாதுன்னுட்டார்.”

“எப்ப போன?”

“வசந்த காலத்துல.”

“அப்பலேர்ந்து ஓட்டிட்டா இருக்க?”

“வண்டிய வச்சுக்கிட்டு ஓட்டாம இருக்க முடியுமா?”

இப்போது நான் பலமுறை எழுதி அடித்த வாக்கியம் வருகிறது.

“இமோஜீனுக்கு அழுகை வந்தது.” வந்தது, உண்மைதான். ஆனால் முதலில் வந்தது அதுவல்ல.

“இமோஜீனுக்குப் பயமாக இருந்தது.” இதுவும் பிறகுதான்.

முதலில் வந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். தங்கைக்குக் கண் போகிறது என்று காதில் விழுந்த உடனே, அவள் பார்வை சாவியின் மேல் போனது. உள்ளே எங்கோ ஓர் இடத்தில், ஒரே ஒரு நொடி, சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள். இதனால்தான் நிறைய அழுதாள்.

5

“நீ ஓட்டுக்கா” என்று வெர்னெலே சாவியைக் கொடுத்தாள்.

அவ்வளவு பெரிய வண்டி இமோஜீனின் கையில் பூனைக்குட்டியாக நடந்தது. திருப்பங்களில் ஒரு விரல் போதும். பள்ளங்கள் எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போலத் தூரத்தில் கேட்டன. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்தைக் கடந்து அவள் காடிலாக்கில் போனாள். நிறுத்தத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை என்றாள். அந்த ஒன்றை மட்டும் நான் நம்பவில்லை.

ஆனால் வெர்னெல் முன்னால் உட்கார மறுத்தாள். பக்கவாட்டிலிருந்து வண்டிகள் திடீரென்று முளைப்பது பயமாக இருக்கிறதாம். பின்சீட்டில், நடுவில், மடியில் கைப்பையோடு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

முதல் ஞாயிறு அப்படித்தான் போய் இறங்கினார்கள். இமோஜீன் இறங்கிப் பின்கதவைத் திறந்து, தங்கையின் கையைப் பிடித்து இறக்கினாள். படிக்கட்டில் டீக்கன் பர்விஸ் நின்றிருந்தார்.

“பாருங்கய்யா, சிஸ்டர் வெர்னெலுக்கு இப்ப டிரைவர் வேற வந்தாச்சு. தொப்பியும் வெள்ளக் கையுறையும் எங்க, சிஸ்டர் இமோஜீன்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் கண் விஷயம் தெரியாது. வெர்னெலும் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே. பின்சீட்டில் உட்கார்வதற்கான காரணத்தை மறைக்க அந்தச் சிரிப்பு அவளுக்குத் தேவைப்பட்டது. இமோஜீனுக்கு அது அப்போது புரியவில்லை. அன்றைக்குப் பாட்டுக்குழுவில் அவள் வாயசைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை இமோஜீனுக்கு விடுமுறை. தங்கையைக் கடையில் இறக்கிவிட்டாள். மாலை கடை மூடும் நேரத்துக்கு வந்து அழைத்துப்போக வேண்டும். இமோஜீன் வீட்டுக்குப் போகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த நல்ல தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து, நதி நடுவே இருக்கும் பெல் ஐல் தீவுக்குப் போனாள். கரையோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் தண்ணீரைப் பார்த்து நிறுத்தினாள். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தூண்டிலை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“அழகான வண்டிம்மா. உங்களுதா?”

“ஆமா.”

“கொடுத்து வச்சவங்க.”

“வேலை பாத்து வாங்கினது” என்றாள் இமோஜீன். மழை தூறத் தொடங்கியும் அவள் கிளம்பவில்லை.

(இந்த இடத்தில் அவளை அங்கிருந்து கிளப்பிவிட எனக்கு வழி இருக்கிறது. எழுதுகிறவன் நான்தானே. “மழையைப் பார்த்ததும் தங்கையின் நினைவு வர, சாவியைத் திருப்பினாள்” என்று ஒரு வரி போட்டால் போதும், அடுத்து வருவது நடக்காது. எழுதியும் பார்த்தேன். படித்தபோது அந்த வண்டியில் இமோஜீன் இல்லை, வேறு யாரோ நல்லவள் உட்கார்ந்திருந்தாள்.)

அவள் லின்வுட்டுக்குத் திரும்பியபோது அழகு நிலையத்தின் ஷட்டர் மூடியிருந்தது. காத்துக் காத்துப் பார்த்த வெர்னெல், எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்துக்குத் தனியாகப் போக முயன்றிருக்கிறாள். நடைபாதையின் விளிம்பு தெரியவில்லை. நனைந்த கோட்டோடு, இடது மணிக்கட்டை வலது கையில் ஏந்தியபடி ஷட்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்க்கா இவ்வளவு நேரம்?”

“டயர் பஞ்சர்.”

தூக்கி நிறுத்தினாள். வெர்னெல் பின்கதவுக்குப் போகவில்லை. முன்கதவைத் தடவித் திறந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இமோஜீன் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டாள். நிறுத்தியதும் வெர்னெல் கழுத்தைத் திருப்பிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள்.

“காலைல முழு டேங்க் போட்டோம். பஞ்சரான வண்டி பெட்ரோல் குடிக்குமா?”

இமோஜீன் இஞ்சினை அணைத்தாள்.

“நேரா இருக்கறது எனக்கு இன்னும் நல்லாத்தான்க்கா தெரியுது.”

6

முடிவுக்கு வந்துவிட்டோம். எது என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மணிக்கட்டு கூடிவிட்டது. வெர்னெல் நாற்காலிகளைத் தன்னிடம் வேலை பார்த்த பெண்ணிடம் விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள். கண் விஷயத்தை டீக்கனிடம் இமோஜீனே சொன்னாள். அவர் அதற்குப் பிறகு கதவைத் திறந்துவிட ஓடிவந்தார். வெர்னெல் இறந்த பிறகு வண்டி இமோஜீன் பேருக்கு வந்தது. கடைசியில் அவளும் உரிமையாளர்தான். கட்டுரைக்காக அனுபவம் கேட்டேன்.

“ரொம்ப நீளம். நிறுத்த எடம் கெடைக்காது” என்றாள். சங்கத்துக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான், வெர்னெலின் கடைசிக் கேள்விக்கு இமோஜீன் சொன்ன பதில். அன்று ஆஸ்பத்திரி வாசலில், இஞ்சினை அணைத்த வண்டிக்குள், மழை கூரையில் விழ, வெர்னெல் சொன்னது:

“எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா. சாவி உன் கையில குலுங்கற சத்தம் கேட்டாலே எரியுது. நீ எவ்வளவு அழகா ஓட்டற பாரு. அது இன்னும் எரியுது. பின்னாடி உக்காந்து உன் பிடரியவே பாத்துட்டு வருவேன்.”

“எனக்கு மொதல் நாள்லேர்ந்தே அப்படித்தான்டீ.”

“தெரியும். அதுக்குத்தான் மொத மொதல்ல உன் வாசல்ல வந்து ஹாரன் அடிச்சேன்.”

பிறகு வெர்னெல் கேட்டாள்: “ஒண்ணு மட்டும் சொல்லு. என் கண்ணு கடைசி வரைக்கும் நல்லா இருந்திருந்தா, இந்த வண்டில என் பக்கத்துல ஒரு நாளாவது நிம்மதியா உக்காந்திருப்பியா?”

இமோஜீன் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்டபோது, பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து, “அவ சிரிச்சா. கை வலியோட சிரிச்சா. அது மட்டும் எழுதிக்கோ” என்றாள்.

“உக்காந்திருப்பேன்” என்று எழுதினேன். அதற்கு வெர்னெல் சிரித்திருக்க மாட்டாள், பொய் என்று தெரிந்திருக்கும். “மாட்டேன்” என்று எழுதினேன். அதற்குச் சிரிக்கலாம், ஆனால் அழுகையும் வந்திருக்கும். “உன் கண்ணப் பாத்துப் பொறாமப்படற அளவுக்கு நான் எறங்கலடீ” என்று ஒன்று எழுதி, வெட்கமாகி அடித்துவிட்டேன். கூடப் பிறந்தவர்கள் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால், அவர்களுக்குக் கிடைத்த ஏதோ ஒன்று இன்னும் உங்களை எரித்துக்கொண்டிருந்தால், என்னைவிட உங்களுக்குத் தெரியும். இடம் விட்டிருக்கிறேன்.

“                                        ” என்றாள் இமோஜீன்.

வெர்னெல் சிரித்தாள்.