ஒரு நிமிடத் தாமதம்

என் வேலை ஒரு பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இணையத்தில் நேரலையாக எதைக் காட்டினாலும் ஒரு நிமிடம் தாமதித்துத்தான் வெளியே விட வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, ஒவ்வொரு தளத்துக்கும் என்னைப் போல ஒருவன் தேவைப்படுகிறான். மேடையில் நடப்பது எனக்கு அப்போதே தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் போய்ச் சேரும். அதற்குள் சட்டத்துக்கு ஆகாத பேச்சு எதுவும் வந்துவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் துண்டு காணாமல் போய்விடும்.

அலுவலகத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். உண்மையில் நான் வெட்டியது மிகக் குறைவு. கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் நடுவரின் பார்வையைப் பற்றிச் சொன்ன கருத்து ஒன்று. சமையல் நிகழ்ச்சியில் கையில் எண்ணெய் தெறித்தபோது சமையல்காரர் சொன்ன சொல் ஒன்று. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மற்றபடி இது ஒரு சுகமான வேலை. பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்று ஊருக்கு முன்னால் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் வீட்டுக்குப் போன் போட்டு முடிவைச் சொல்லுவேன். அம்மா உடனே பக்கத்து வீட்டுக்காரியிடம் எலுமிச்சம்பழம் வைத்துப் பந்தயம் கட்டி ஜெயிப்பாள். ஒரு வருடம் எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமே இல்லை. பிறகு கைபேசியை அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி வந்தது. இப்போது மேசையில் ஒரே ஒரு தொலைபேசி இருக்கிறது. அதில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

பதிவைக் கேட்பவர் மேடம். அரசுத் துறையிலிருந்து வரும் மேற்பார்வை அதிகாரி. மடியில் விதிப் புத்தகம், தோளில் பெரிய பை. சிரிக்கவே மாட்டார். "நான் சிரிச்சா பாரபட்சம் காட்டின மாதிரி ஆயிடும்" என்பார். சிரிப்பு வந்தால் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நகைச்சுவை எப்படிப் போகிறது என்று நான் மிட்டாயை வைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

அன்று மேடையில் என் தங்கை. வீட்டில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர். மேடைக்கும் அதையே வைத்துக்கொண்டாள். கிடைத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, மேடையில் நின்று பேசிச் சிரிக்க வைப்பதுதான் இனி தொழில் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். அப்பா, "வாயை வித்துப் பொழைக்கப் போறியா?" என்று கேட்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டு போனவள்தான். அப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்பாவும் அவளும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் நான் மத்தளம். இரண்டு பக்கமும் இடி.

அன்றைய நிகழ்ச்சி அவளுக்குப் பெரிய விஷயம். எங்கள் தளத்தில் முழு நீள நேரலை. நன்றாகப் போனால் அவள் பெயரிலேயே ஒரு தொடர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒரு இடத்தில் வெட்டு விழுந்தாலும் போச்சு. வெட்டு விழுந்த நிகழ்ச்சியை விசாரணை முடியும்வரை முடக்கிவிடுவார்கள். விசாரணை என்றைக்கு முடியும் என்று பிரம்மாவுக்குக்கூடத் தெரியாது.

தங்கை மேடையில் இருக்கும்போது அண்ணன் பொத்தானில் இருப்பது முறையில்லைதான். என்ன செய்வது, மாற்று ஆளுக்குப் பல்வலி. மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க தங்கச்சின்னு தெரியும். கை நடுங்கிச்சுன்னா நானே அழுத்திடுவேன்."

"நடுங்காது மேடம். அவ என்ன பேசப் போறாங்கிறது முழுசா எழுதிக் குடுத்திருக்கா. நீங்களே பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க."

வாயாடி மேடைக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குரல். எடுத்த எடுப்பிலேயே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா எடை ஆய்வாளர். இப்ப ஓய்வுல இருக்காரு. அவரு சந்தைக்குள்ள நுழைஞ்சா தராசெல்லாம் மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கும். தக்காளிகூட வயித்த உள்ள இழுத்துக்கும்!"

அரங்கம் சிரித்தது. நானும்தான். அவள் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. அப்பாவுக்கு வேலை, கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது. முத்திரை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அப்புறம் மறுபடி கொண்டுவந்து காட்ட வேண்டும். எடை குறைவாக எதைப் பார்த்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு முறை ஆஸ்பத்திரித் தராசு சரியில்லை என்று நர்ஸோடு சண்டை போட்டு, தன் எடைக்கல்லைக் கொண்டுபோய்ச் சோதித்தவர். தராசு சரியாகத்தான் இருந்தது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா அவங்க எடைய ஒரு கிலோ கொறச்சுச் சொல்லிட்டாங்க. அந்தக் கேஸ் இன்னும் நிலுவையில இருக்கு!"

மேடம் முதல் மிட்டாயைப் பிரித்தார்.

"வீட்டுக்கு எந்தத் தின்பண்டம் வந்தாலும் தராசும் வந்துரும். கதவுக் கொக்கியில மாட்டுவாரு. ஒரு தட்டுல எங்கண்ணன் பங்கு, இன்னொண்ணுல என் பங்கு. முள்ளு நட்ட நடுவுல நிக்கிற வரைக்கும் வாயில வைக்கக் கூடாது. ஐஸ்கிரீம் உருகிரும். உருகினதையும் நிறுத்துதான் குடுப்பாரு!"

மேடமுக்கு இரண்டாவது மிட்டாய். எழுதிக் கொடுத்ததில் தராசுக் கதை இந்த இடத்தோடு முடிந்து, அடுத்து கைபேசியைப் பற்றி வர வேண்டும். தாளில் விரலை வைத்துக் காத்திருந்தேன். அவள் அடுத்ததற்குப் போகவில்லை. ஒலிவாங்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், அது விஷமத்துக்கு முந்தைய அசைவு.

"இது எழுதிக் குடுத்ததுல இல்ல. இருந்தாலும் சொல்லிடறேன். ஆறு வயசுல ஒரு நாள், தராசுக்குக் கீழ உக்காந்து விளையாடிக்கிட்டு இருந்தேன். அண்ணாந்து பாத்தா, எங்கண்ணன் தட்டுக்கு அடியில ஒரு உருண்டை மெழுகு! ஊர்ல அத்தனை தராசுக்கும் அடியில கைய விட்டுத் தடவிப் பாத்தவரு, வீட்டுத் தராசுல மெழுகு ஒட்டி வச்சிருக்காரு! அதுவும் அரசாங்க முத்திரை குத்தின தராசு. அந்த மெழுகோட எடைக்கு எங்கண்ணன் பங்கு கொறையும். எனக்குக் கூடும். நான் யார்கிட்டயாவது சொன்னேனா? எனக்கென்ன பைத்தியமா?"

அரங்கம் அதிர்ந்தது. சட்டம், தொடர், தங்கையின் எதிர்காலம் எல்லாம் அப்புறம். முதலில் என் பங்கு! எத்தனை கேக், எத்தனை மிட்டாய், எத்தனை திராட்சைக் கொத்து! முள் நடுவில் நின்றதைப் பார்த்து, நியாயம் என்றால் இதுவல்லவா நியாயம் என்று பூரித்துப்போய் நின்ற மாங்காய் மடையன் நான்.

"கத்தரி" என்றார் மேடம். மூன்றாவது மிட்டாய்க்காகப் பைக்குள் போன கை அப்படியே நின்றிருந்தது. "முத்திரைத் தராசுல கை வைக்கிறது குற்றம். அரசு அலுவலர் குற்றம் செஞ்சதா சொன்னா, சம்பந்தப்பட்டவரோட ஒப்புதல் இல்லாம விட முடியாது. அழுத்துங்க."

"ஒப்புதல் இருந்தா?"

"இருந்தா விடலாம். அவரோட விளக்கத்தத் திரையில போடணும். ஆனா நேரம் எங்க இருக்கு?"

எதிரே நொடி எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கையைச் சிவப்புப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு மறு கையால் வீட்டு எண்ணை அழுத்தினேன். அம்மா எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

"அம்மா, அப்பாகிட்ட குடு."

"இவ பேசறதப் பாத்தியா? என் எடைய ஊருக்கே சொல்லிட்டா கழுதை..."

"அம்மா! அப்பாகிட்ட குடு, சீக்கிரம்!"

"அவரு எங்க பாக்கறாரு? பேப்பர் படிக்கிறாரு. நிகழ்ச்சி ஆரம்பிச்சதுலேருந்து அதே பக்கத்தத்தான் படிக்கிறாரு."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா வந்தார்.

"சொல்லுடா."

"அப்பா, கொஞ்ச நேரத்துல அவ ஒண்ணு சொல்லுவா. என் தட்டுக்கு அடியில நீங்க மெழுகு ஒட்டி வச்சிருந்தீங்கன்னு. நீங்க ஒத்துக்கலைன்னா அத நான் வெட்டியாகணும். வெட்டினா அவளுக்கு எல்லாம் போச்சு. உண்மையாப்பா? இந்த போன்ல பேசறது பதிவாகுது."

அந்தப் பக்கம் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு கடைக்காரனிடம் ஒரு பழம்கூடச் சும்மா வாங்காத மனிதர். அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து. அதை நான் பதிவாகும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"ஆமா" என்றார் அப்பா. "நான்தான் வச்சேன். வெட்டாத."

மேடம் விதிப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

"விளக்கம் ஏதாவது சொல்லணும்பா. திரையில போடணும்."

உடனே அவருக்குப் பழைய அலுவலகக் குரல் வந்துவிட்டது. "எழுதிக்க. பிறந்தபோது குழந்தைக்குக் குறையெடை. முற்றுப்புள்ளி. ஈடுசெய்யப்பட்டது. முற்றுப்புள்ளி. கையெழுத்து வேணுமா?"

"வேணாம்பா."

தட்டச்சு செய்யும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அந்த ஆஸ்பத்திரித் தராசில் கிடந்தது அவள்தான். நாள் குறைந்து பிறந்தவள், ஒரு கை அளவுதான் இருந்தாள். தராசு தப்பாக இருக்க வேண்டும் என்று என் அப்பா எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார்! தராசு சரியாக இருந்தது. அவரும் வீட்டுக்கு வந்து தன் தராசைத் தப்பாக்கிவிட்டார். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை இல்லாமல் அடித்து முடித்தேன். மேடம் ஒரு முறை படித்தார். மறு முறை படித்தார்.

"போடுங்க" என்றார். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

வெளியே போவது என்ன என்பது அரங்கத்துக்கும் தெரிய வேண்டும் என்பது சட்டம். அதற்காக மேடையின் ஓரத்தில் ஒரு திரை இருக்கும். வழக்கமாக அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவள் கைபேசி நகைச்சுவையின் பாதியில் இருந்தாள். திரையில் அவளே ஒரு நிமிடம் பிந்தி மெழுகுக் கதையைச் சொல்ல, அவள் காலுக்குக் கீழே என் எழுத்து ஓடியது:

சம்பந்தப்பட்டவர் விளக்கம்: பிறந்தபோது குழந்தைக்குக் குறையெடை. ஈடுசெய்யப்பட்டது.

முன்வரிசையில் இருந்தவர்கள் முதலில் பார்த்தார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் சிரிக்காததைக் கண்டு வாயாடியும் திரும்பினாள். படித்தாள். பிறந்ததிலிருந்து அவள் இப்படி வாயடைத்து நின்று நான் பார்த்ததில்லை. ஒலிவாங்கி இடுப்புக்கு இறங்கிவிட்டது.

"அழறாளா?" என்று மேடம் எழுந்து நின்றார்.

"தெரியல மேடம்."

தொலைபேசியில் அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. "மெழுகா வச்சீங்க? அதான் ஏத்தி வைக்கிற மெழுகுவத்தியெல்லாம் அரையா இருந்துச்சா?" என்று அப்பாவை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

சந்தடி சாக்கில் நானும் என் வழக்கைப் போட்டுவிட்டேன். "அப்போ என் பங்கு?"

"நீ பொறந்தப்பவே அளவுக்கு மேலதான்டா இருந்த" என்றார் அப்பா.

மேடையில் வாயாடி புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேமராவுக்கு நேராக வந்து நின்று, ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோய், மறு கையை மார்போடு கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பேசினாள்.

"ஆய்வாளர் ஐயா, உங்க விளக்கம் கெடச்சுது. நான் உங்க முத்திரை குத்தின தராசு. தேதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா மறுபடியும் குத்தித் தருவீங்களாப்பா?"

அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது. மேடம் விதிப் புத்தகத்தை நாற்காலியில் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். பையைத் திறந்து தனக்கு ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக எனக்கும் ஒன்று கொடுத்தார்.

தொலைபேசியை நான் இன்னும் வைக்கவில்லை. வீட்டுத் திரையில் அவள் இப்போதுதான் அடுத்த கதைக்குப் போயிருப்பாள். அம்மாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏன்டா" என்றார் மெதுவாக, "நான் எழுதச் சொன்னத அவ பாத்தாளா? ஏதாவது சொன்னாளா?"

மிட்டாய் வாயில் குளுகுளு என்று கரைந்தது. உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த அந்த நல்ல சேதியை ஒரு மூச்சு நேரம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"பொறுங்கப்பா" என்றேன். "வந்துக்கிட்டே இருக்கு."