இழுத்தவர்தான் விட வேண்டும்

"கைய எடுங்கக்கா. மொதல்ல அந்தப் பொத்தான அழுத்தி லைன—"

"அழுத்த மாட்டேன். ஆம்புலன்ஸ் வரட்டும்."

"ரெண்டு மணி லாரி வாசல்ல நிக்குதுக்கா, மேனேஜருக்கு நான் இன்னா பதில்—"

"நிக்கட்டும் தம்பி. லாரிக்கு மூச்சு முட்டுதா இன்னா?"

பொத்தானை அழுத்தச் சொன்ன சூப்பர்வைசர் சக்திகுமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்யும் அந்தக் கம்பெனியில் லைன் நின்று ஆறு நிமிடம் ஆகியிருந்தது. நிறுத்தியவள் மெர்சி. வடக்குப்பட்டுக்காரி, பதினோரு வருஷத்து நிரந்தர வேலைக்காரி, லைனுக்கு லீடர். பச்சைப் பொத்தானை அழுத்தாமல், வேறு யாரும் அழுத்தவும் விடாமல், உள்ளங்கையால் கிண்ணம்போலக் கவிழ்த்து மூடிக்கொண்டு நின்றாள்.

அங்கே ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு நீலக் கயிறு தொங்கும். பழுது கண்டவர் யாராயிருந்தாலும் இழுக்கலாம். ஸ்பீக்கரில் ஐஸ் வண்டி மணிபோல ஒரு மெட்டு பாடும், அந்த மேசைமேல் விளக்கு எரியும், லைன் நின்றுவிடும். மறுபடி ஓடவேண்டுமானால் அந்த மேசையின் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். 'இழுத்தவர்தான் விட வேண்டும்' என்று சுவர் முழுக்கக் கம்பெனியே எழுதி வைத்திருந்தது. புதிதாக வரும் பெண்களை அந்த வரியை ஒப்பிக்க வைப்பவனே சக்திகுமார்தான். ஆனால் கான்ட்ராக்டில் வரும் பெண்களுக்கு ஏஜென்ட் தனியாக ஒரு பாடம் எடுத்திருந்தான்: கயிற்றைத் தொட்டவள் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்.

மெர்சி இழுத்தது ஒயரில் கண்ட பழுதுக்காக அல்ல. பதினோராம் மேசையின் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்த சந்தனமாரிக்காக.

கொரோனா இரண்டாம் முறை வந்து வீட்டுக்கு வீடு ஆளைத் தூக்கிக்கொண்டிருந்த மே மாதம் அது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள் சந்தனமாரி, கான்ட்ராக்ட். ஹாஸ்டலில் ஓர் அறைக்குப் பத்துப் பேர். காய்ச்சல் என்று தெரிந்தால் ஏஜென்ட் அன்றைக்கே ஊர் பஸ்ஸில் ஏற்றிவிடுவான், அதோடு வேலையும் போய்விடும். அதனால் மூன்று நாளாக விடியலில் இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டு வந்தாள். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் கருவிக்குக் காய்ச்சல் அகப்படவில்லை.

மெர்சிக்கு அகப்பட்டது. டேப் சுற்றுவதில் சந்தனமாரியின் கைக்கு அந்த லைனில் ஈடே கிடையாது. அந்தக் கை சுற்றிய ஒயர்க்கட்டுகளில் காலையிலிருந்து கிளிப்புகள் விட்டுப்போய் வந்தன. போய்ப் பார்த்தால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது, நகக்கண்ணில் நீலம். ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் அந்தப் பெண் நாலு முறை மூச்சு வாங்கினாள். மெர்சி இரண்டு தரம் போய் சக்திகுமாரிடம் சொன்னாள். ஷிப்ட் முடியட்டும் என்றான் இரண்டு தரமும். மூன்றாவது தரம் அவள் அவனிடம் போகவில்லை, கயிற்றை எட்டிப் பிடித்தாள்.

இப்போது அவன் குரலை இறக்கிக் கெஞ்சினான். கயிறு ஒயருக்குத்தான், ஆளுக்கில்லை என்றான். அப்படி எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றாள் மெர்சி. லைன் பெண்கள் அறுபது பேரும் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய வாய்விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள் சுவரை. ஒன்பதாம் மேசை சசிகலாதான் வாயைத் திறந்தாள்.

"கை நோவுதுன்னா சொல்லுக்கா. கொஞ்ச நேரம் நான் மூடிக்கிறேன்."

கவசங்களுக்குள் சிரிப்பு ஓடியது.

மேனேஜர் ஜீவானந்தம் இறங்கி வந்தபோது பன்னிரண்டு நிமிடம். கார் கம்பெனியிலிருந்து அதற்குள் இரண்டு போன் வந்துவிட்டதாம். மெர்சியின் வேலை, அவள் படிக்கவைக்கும் இரண்டு பிள்ளைகள், விசாரணை, எல்லாவற்றையும் அமைதியாக நினைவுபடுத்தினார். என்னதான் வேண்டும் என்றார் கடைசியில்.

"ஆம்புலன்ஸ் சார். இவ ரூம்ல கீற மத்த ஒம்போது பேருக்கும் டெஸ்ட். ஒருத்தியையும் பஸ் ஏத்தி வுடக் கூடாது, வேலைய வுட்டும் தூக்கக் கூடாது."

ஜீவானந்தம் அவளை விட்டுத் திரும்பினார். சக்திகுமாரைப் பார்த்தார். அந்தக் கையை எடுத்துவிட்டு நீ அழுத்து என்றார்.

மெர்சி உள்ளங்கையை இன்னும் இறுக்கினாள். அவன் தன் கையைப் பிடித்து இழுத்தால் திருப்பி இழுக்க முடியாது, அது அடிதடி என்று எழுதிவிடுவார்கள். பிறகு லைன் ஓடும், ஷிப்ட் முடியும், சந்தனமாரி பஸ் ஏறுவாள். உயிரோடு செங்கல்பட்டு தாண்டுவாளோ மாட்டாளோ.

சக்திகுமார் ஓர் எட்டு முன்னால் வந்தான். தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான். அப்புறம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இழுத்தவங்கதான் வுடணும் சார். ரூல் சார்."

பதினோரு வருஷத்தில் அந்த லைனில் மெர்சி கேட்ட எந்தக் கைதட்டலும் அதற்கு ஈடில்லை. கை யாருடையதும் தட்டவில்லை. அறுபது பெண்களும் சக்திகுமாரைப்போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஜீவானந்தம் அந்த வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார், சுவரைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

அந்த நாளில் ஆம்புலன்ஸ் கிடைப்பதே அதிசயம். வந்து சேர்ந்தபோது நாற்பத்தொரு நிமிடம். சந்தனமாரியைத் தூக்கி ஏற்றி, வண்டி வாசலைத் தாண்டியது என்று செக்யூரிட்டி வந்து சொன்ன பிறகே மெர்சி பொத்தானை அழுத்தினாள். கை விறைத்துப்போயிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். அறையிலிருந்த ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு நோய் இருந்தது. ஒருத்தியும் பஸ் ஏறவில்லை. கம்பெனி டிரெய்னிங் ஹாலில் கட்டில் போட்டது. மெர்சிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 'பழுது கண்டேன், நிறுத்தினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதம் மேலே போனது, திரும்பி வரவேயில்லை.

ஜூலையில் சந்தனமாரி வேலைக்குத் திரும்பினாள். ஆள் பாதியாகியிருந்தாள், டேப் சுற்றும் வேகம் மட்டும் அப்படியே. வந்த இரண்டாவது வாரம், ஒரு மத்தியானம், ஐஸ் வண்டி மணி பாடியது. லைன் நின்றது. விளக்கு எரிந்தது பதினோராம் மேசையில்.

மெர்சி ஓடினாள். அவளுக்கு முன்னால் சக்திகுமார் ஓடினான். அவனுக்கும் முன்னால், அன்றைக்கு ஆள் கணக்கெடுக்க வந்திருந்த ஏஜென்ட் போய் நின்று, கான்ட்ராக்ட் ஆள் எவள் கயிற்றில் கை வைத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான். பத்தாம் மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சந்தனமாரி, உள்ளங்கையைக் கிண்ணம்போலப் பொத்தான்மேல் கவிழ்த்துக்கொண்டு.

"நாந்தான் சார் இழுத்தேன். இந்தப் பிள்ளைக்கு மேலு கொதிக்கு. வண்டி வரட்டும், கைய எடுக்கேன்."